பந்தயக் காருக்கு ஆமணக்கெண்ணெய்: என்ஜின் ஒயிலின் நூறு வருடக் கதை



இம்முறை பதிவு கொஞ்சம் நீளம். தேநீரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

எங்களிடம் படித்த பிள்ளைகளில் சிலர் இப்போது வேகமான கார்களை வைத்திருக்கிறார்கள், மாஷா அல்லாஹ். வாகன விலை எங்கே போய் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு மிட்சுபிஷி எவலூஷனையோ சுபாருவையோ வாங்குவதற்கு ஒருவர் பத்து வருட உழைப்பைக் கொட்டியிருப்பார். அந்த என்ஜினுக்குள் எதை ஊற்றுவது என்பதை மட்டும் கராஜில் நிற்கும் யாரோ ஒருவர் அரை நிமிடத்தில் தீர்மானித்துவிடுகிறார். "இது ரேஸ் ஒயில், நல்ல தடிப்பு, ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்." அவ்வளவுதான். இந்த நம்பிக்கைகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால் நூறு வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது. போவோம்.

முதலில் ஆமணக்கு. நாம் சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த அதே எண்ணெய்தான். எகிப்தியர்கள் இந்த எண்ணெயை விளக்கெரிக்கப் பயன்படுத்தியதை ஹெரொடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். விளக்கெண்ணெய் என்று தமிழில் இதற்குப் பெயர் இருப்பதும் அதே காரணத்தால்தான். விளக்குக்கும் வயிற்றுக்கும் இருந்த எண்ணெய், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விமானத்துக்குள்ளும் பந்தயக் காருக்குள்ளும் நுழைந்தது.

நுழைந்ததற்குக் காரணம் பிரான்சின் செகான் சகோதரர்கள் செய்த நோம் என்ஜின். இன்றைய என்ஜினில் சிலிண்டர் அசையாமல் நிற்கும், உள்ளே கிராங்க் தண்டு சுழலும். நோமில் எல்லாம் தலைகீழ். கிராங்க் தண்டை விமானத்தோடு அசையாமல் பூட்டிவிட்டார்கள், சிலிண்டர்கள் எல்லாம் காற்றாடியோடு சேர்ந்து சுழன்றன. பெற்றோலும் காற்றும் கலந்த ஆவி, பொள்ளலான கிராங்க் தண்டு வழியாக கிராங்க் அறைக்குள் வந்து, அங்கிருந்துதான் சிலிண்டருக்குப் போகும். ஒயில் இருக்கும் அதே அறைக்குள் பெற்றோல் ஆவியும் வருகிறது என்றால் என்ன நடக்கும்? நிலத்திலிருந்து எடுக்கும் கனிய எண்ணெய் பெற்றோலில் கரைந்து கழுவுண்டு போய்விடும். இரும்போடு இரும்பு உரசும். ஆனால் ஆமணக்கெண்ணெய் பெற்றோலில் இலேசில் கரையாது.

அதற்கு வேதியியல் காரணம் உண்டு. ஆமணக்கெண்ணெயின் கொழுப்பமிலங்களில் சுமார் 90 சதவீதம் ரிசினோலெயிக் அமிலம். மற்றைய தாவர எண்ணெய்களில் இல்லாத ஒரு ஹைட்ரொக்சில் கூட்டம் இதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது மூலக்கூறுக்கு முனைவுத்தன்மையைக் கொடுக்கிறது. அதனால் எண்ணெய் உலோகத்தில் ஒட்டிப்பிடிக்கிறது, பெற்றோலோடு சேர மறுக்கிறது. உயர்தர மாணவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

அந்த என்ஜின்களில் ஒயில் திரும்பச் சுற்றி வருவதில்லை. ஊற்றியது முழுவதும் புகையோடும் துளிகளோடும் வெளியே போய்விடும். முதலாம் உலகப் போரில் சொப்வித் கெமல் போன்ற விமானங்களை ஓட்டியவர்கள் மணிக்கணக்கில் ஆமணக்கெண்ணெய்ப் புகையைச் சுவாசித்துக்கொண்டும் விழுங்கிக்கொண்டும் பறந்தார்கள். ஆமணக்கெண்ணெய் வயிற்றுக்குள் போனால் என்ன நடக்கும் என்று இங்கு எழுதத் தேவையில்லை. மேலே எதிரியின் துப்பாக்கி, உள்ளே வயிறு!

போர் நீள நீள ஆமணக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆமணக்கு அன்றும் இன்றும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகின்ற பொருள். அமெரிக்கா போரில் இறங்கியதும், பம்பாயிலிருந்து கப்பலில் விதை கொண்டுவந்து, தன் தென் மாநிலங்களில் ஏறத்தாழ ஒரு இலட்சம் ஏக்கரில் ஆமணக்குப் பயிரிட ஏற்பாடு செய்தது. அதேநேரம் அந்நாட்டு நிபுணர்கள் ஆமணக்குக்குப் பதிலாக ஒரு நல்ல கனிய எண்ணெயையும் தயாரித்தார்கள். 1918 நவம்பரில் போர் முடிந்தது. போர்க்காலத்துத் தேவைக்காகச் செய்த அந்தக் கனிய எண்ணெய் ஆராய்ச்சி பிறகு காருக்குப் பயன்பட்டது. குஜராத்தில் ஆமணக்குப் பயிரிட்ட விவசாயிக்கும் பிரான்சின் வானில் செத்துப்போன இளைஞனுக்கும் இடையில் இப்படி ஒரு எண்ணெய்த் தொடர்பு. எங்கள் பாடநூல்களில் இதற்கு ஒரு வரி கூடக் கிடைக்காது.

இதே காலத்தில் இலண்டனில் ஒரு மனிதர். பெயர் சார்ள்ஸ் வேக்ஃபீல்ட். ஒரு எண்ணெய்க் கம்பனியில் வேலை பார்த்துவிட்டு 1899 இல் சொந்தமாகத் தொடங்கினார். ஆரம்பத்தில் ரயிலுக்கும் கனரக இயந்திரங்களுக்கும் எண்ணெய் விற்றார். காரும் விமானமும் வந்ததும், குளிரில் ஓடக்கூடியதாகவும் கடும் சூட்டில் தாக்குப்பிடிக்கக்கூடியதாகவும் ஒரு ஒயில் தேவை என்று கண்டு, கனிய எண்ணெயில் ஆமணக்கெண்ணெய் கலந்து 1909 இல் சந்தைக்கு விட்டார். ஆமணக்கெண்ணெய்க்கு ஆங்கிலத்தில் கஸ்டர் ஒயில் என்று பெயரல்லவா? அதிலிருந்து எடுத்து கஸ்ட்ரோல் என்று பெயர் வைத்தார். எங்கள் ஊர்க் கடைகளில் தொங்கும் சிவப்பு பச்சைப் பலகையின் பெயருக்குள் இன்றும் ஆமணக்குத்தான் இருக்கிறது. கம்பனியின் பெயரே கஸ்ட்ரோல் என்று மாறியது 1960 இல்.

வேக்ஃபீல்ட் கெட்டிக்கார வியாபாரி. சாதனைகளுக்குப் பணம் கொடுத்தார், பிறகு அந்தச் சாதனைகளை விளம்பரத்தில் போட்டார். 1930 இல் எமி ஜோன்சன் தனியாக இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் பறந்தபோது விமானத்துக்கு உதவியவர்களில் இவரும் ஒருவர். அதே வருடம் ஜூன் மாதம் விண்டர்மியர் ஏரியில் வேக சாதனைக்கு முயன்று ஹென்றி சீக்ரேவ் உயிரிழந்தார். அந்தப் படகுக்கும் வேக்ஃபீல்டின் பணம்தான். "சாம்பியன்கள் பாவிக்கும் ஒயில்" என்ற விளம்பர முறை இப்படித்தான் வேர்பிடித்தது. ரேஸில் ஓடியது என்றால் எங்கள் காருக்கும் நல்லது என்ற நினைப்பு நமது கண்டுபிடிப்பல்ல. அது எங்கள் தலைக்குள் போடப்பட்டது.

பந்தயத்துக்கென்றே விற்ற கஸ்ட்ரோல் ஆர் என்ற ஒயில் ஆமணக்கை அடிப்படையாகக் கொண்டது. பந்தயத் திடலில் அதன் இனிப்பான புகை வாசனையை அந்தக் காலத்து ரசிகர்கள் கடைசி வரை மறக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், இது ரேஸுக்கு மட்டும் நல்லது. சூட்டிலும் காற்றிலும் ஒட்சியேறி, ஆமணக்கெண்ணெய் வார்னிஷ் போல இறுகிவிடும். பிஸ்டன் வளையங்களைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பந்தயம் முடிந்தவுடன் ஒயிலை வடித்தார்கள், அடிக்கடி என்ஜினையே கழற்றிச் சுத்தம் செய்தார்கள். கனிய எண்ணெயோடும் சரியாகக் கலக்காது. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுவதென்றால் முழுவதும் கழுவ வேண்டும். ஒரு ரேஸ் ஒயிலின் ஆயுள் ஒரு ரேஸ். அதைத் தினமும் வேலைக்குப் போகும் காருக்குள் ஊற்றி ஐயாயிரம் கிலோமீற்றர் ஓட்டச் சொன்னால் அந்தக் காலத்து மெக்கானிக் சிரித்திருப்பார்.

இனி எண்களுக்கு வருவோம். போத்தலில் 5 டபிள்யூ-30, 10 டபிள்யூ-60 என்று போட்டிருக்கிறதே, அது. அமெரிக்காவின் வாகனப் பொறியியலாளர் சங்கமான எஸ்.ஏ.ஈ, 1911 இல் ஒயிலை அதன் பிசுக்குமைப்படி தரம் பிரிக்கத் தொடங்கியது. டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் என்ஜின் எவ்வளவு இலேசாகச் சுழலும் என்பதைக் காட்டுகிறது. 5 டபிள்யூவை மறை 30 பாகை செல்சியஸிலும் 10 டபிள்யூவை மறை 25 பாகையிலும் சோதிக்கிறார்கள். எங்களில் யார் மறை 25 பாகையில் கார் ஸ்டார்ட் செய்யப் போகிறோம்? நுவரெலியாவில் விடிய உறைபனி கொட்டும் நாளில் கூட அது நடக்காது. பின்னால் இருக்கும் எண் 100 பாகையில் அளக்கப்படுவது. 40 என்றால் 12.5 இலிருந்து 16.3 சென்ரிஸ்ரோக் வரை, 60 என்றால் 21.9 இலிருந்து 26.1 வரை. அதாவது 100 பாகைச் சூட்டில் 60 ஒயில் 40 ஐ விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தடிப்பு.

இங்கேதான் எங்கள் நாட்டில் பெரிய குழப்பம். "எங்கள் நாடு சூடு, ஆகவே தடிப்பான ஒயில் போட வேண்டும்" என்கிறார்கள். வெளியே 20 பாகையா 32 பாகையா என்பதால் ஓடிச் சூடேறிய என்ஜினின் ஒயில் பெரிதாக மாறிவிடாது. தண்ணீர்ச் சூட்டைத் தேர்மொஸ்டாற் ஒரு மட்டத்தில் வைத்திருக்கிறது, ஒயில் அதோடு சேர்ந்துதான் நிற்கும். ஒயிலை உண்மையில் கொதிக்க வைப்பது ஓட்டும் விதம். பந்தயத் திடலில் இருபது நிமிடம் முழு வேகத்தில் விரட்டினால் ஒயில் 130 பாகையைத் தாண்டலாம். நூறு கிலோமீற்றர் வேக எல்லையுள்ள தெற்கு அதிவேகப் பாதையில் அப்படி ஆகாது. காலி வீதி நெரிசலில் வேறு பிரச்சினை: என்ஜின் ஓடுகிறது, கார் ஓடவில்லை. மீற்றரில் கிலோமீற்றர் ஏறாமலே ஒயில் கிழடாகிறது.

ஆரம்பத்தில் ஒயில் ஒற்றைத் தரமாகத்தான் இருந்தது. குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று மாற்றுவார்கள். 1950 களில்தான் இரண்டு எண் போட்ட மல்டிகிரேட் பரவியது. அதைச் சாத்தியமாக்கியது நீண்ட சங்கிலிகளாலான பொலிமர்கள். குளிரில் சுருண்டு கிடக்கும், சூடேறினால் விரியும், ஒயில் மெலிந்து போகாமல் பிடித்துக்கொள்ளும். நல்ல வித்தைதான். ஆனால் 8,000 சுற்றில் ஓடும் என்ஜினின் பற்சில்லுகளும் பெயாரிங்குகளும் இந்தச் சங்கிலிகளை வெட்டித் துண்டாக்கும். 50 என்று வாங்கிய ஒயில் சில ஆயிரம் கிலோமீற்றரில் 40 ஆக இறங்கும். வேகக் காருக்கு ஒயில் வாங்கும்போது வாங்கிய அன்றைய எண்ணை விட, அந்த எண்ணில் எவ்வளவு காலம் நிற்கும் என்பதுதான் முக்கியம். போத்தலின் முகப்பில் இதை யாரும் எழுதுவதில்லை.

பொலிமரில் அதிகம் தங்காமல் அடிப்படை எண்ணெயையே நன்றாகச் செய்தால் என்ன என்ற யோசனையில்தான் சிந்தெடிக் பிறந்தது. 1930 களில் ஜேர்மனியில் ஹெர்மன் சோர்ன் எஸ்டர்களை ஆராய்ந்தார். ஆமணக்கெண்ணெயும் இயற்கையான ஒரு எஸ்டர்தான். அதன் ஒட்டும் குணம் வேண்டும், இறுகும் குணம் வேண்டாம், இதுதான் நோக்கம். போர்க்காலத்துக்குப் பின் ஜெட் என்ஜின்களுக்கு எஸ்டர் ஒயில்தான் வழி என்றானது. காருக்கு 1970 களில் வந்தது. 1974 இல் மொபில் 1.

இதன் பெறுமதியை ஒரு காரை வைத்தே சொல்லலாம். 1992 செவர்லே கொர்வெட்டில் எல்.டி 1 என்ற புதிய என்ஜின் வந்தது. தொழிற்சாலையிலேயே மொபில் 1 ஊற்றினார்கள். சிந்தெடிக் சூட்டைத் தாங்கும் என்பதால் அதுவரை இருந்த ஒயில் கூலரையே கழற்றிவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். அந்தக் காரை நம்மிடம் ஒருவர் வாங்கி, காசு மிச்சம் பிடிக்கச் சாதாரண கனிய ஒயில் ஊற்றினால், அவர் ஒயிலை மட்டுமல்ல, கூலர் இருந்த இடத்தையும் சேர்த்து வெட்டுகிறார்.

பிறகு வந்தது "சிந்தெடிக்" என்ற சொல்லுக்கான சண்டை. கஸ்ட்ரோல் தன் சின்டெக் ஒயிலில் இரசாயனமாகக் கட்டியெழுப்பிய அடிப்படை எண்ணெயை விட்டுவிட்டு, கச்சா எண்ணெயை ஐதரசனோடு கடுமையாகப் பதப்படுத்தி எடுத்ததைப் பயன்படுத்தியது. லேபலில் அதே "சிந்தெடிக்". மொபில் கம்பனி அமெரிக்காவின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பிடம் முறையிட்டது. 1999 இல் தீர்ப்பு கஸ்ட்ரோலுக்குச் சாதகமாக வந்தது. அன்றிலிருந்து அந்தச் சொல் எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. எங்கள் கருத்தில், பதப்படுத்திய அந்த எண்ணெய் கெட்டதல்ல, பெரும்பாலான கார்களுக்குப் போதும். அதை மற்றதன் விலைக்கு, அதே சொல்லில் விற்றார்களே, அதுதான் உறுத்துகிறது. கொள்வனவு செய்பவருக்குப் பொருளின் தன்மையைச் சொல்ல வேண்டும் என்று எங்கள் மார்க்கம் கற்பித்திருக்கிறது. தீர்ப்பு வேறு, நியாயம் வேறு.

இப்போது 10 டபிள்யூ-60 க்கு வருவோம். எங்கள் பையன்களுக்கு இந்த எண்ணில் ஒரு மயக்கம். அதற்குக் காரணமான கார் பி.எம்.டபிள்யூ எம் 3, ஈ 46 என்ற தலைமுறை. அதன் எஸ் 54 என்ஜின் 3,246 கன சென்ரிமீற்றர், டர்போ இல்லாமலே 343 குதிரை வலு, 8,000 சுற்று வரை போகும். பிஸ்டனின் வீச்சு 91 மில்லிமீற்றர். கணக்குப் போட்டால் பிஸ்டனின் சராசரி வேகம் செக்கனுக்கு 24 மீற்றருக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பாரத்தை நிறுத்தித் திருப்பி இழுப்பது கொன்ரோட் பெயாரிங். அங்கே இரும்பும் இரும்பும் தொடாமல் காப்பது தலைமயிரை விட மெல்லிய ஒயில் படலம். கஸ்ட்ரோல் டி.டபிள்யூ.எஸ் என்ற 10 டபிள்யூ-60 ஒயிலை அதற்குக் குறித்தது இதனால்தான்.

அப்படியிருந்தும் ஆரம்ப வருடங்களில் சில கார்களில் அந்த பெயாரிங்குகள் போயின. கம்பனி கார்களை அழைத்து பெயாரிங் மாற்றிக்கொடுக்க வேண்டி வந்தது. தடிப்பான ஒயில் எல்லாவற்றையும் காக்கும் என்றால் இது நடந்திருக்கக்கூடாது. அந்தக் காரின் சுற்றுமானியில் ஒரு அழகான ஏற்பாடு உண்டு. ஸ்டார்ட் செய்தவுடன் உயர் சுற்றுகளில் மஞ்சள் விளக்குகள் எரியும். ஒயில் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணையும். அதாவது, தடித்த ஒயில் சூடேறும் வரை பொறு என்று காரே சொல்கிறது. இந்த விளக்கு இல்லாத ஒரு சாதாரண ஹொண்டாவுக்கு அதே 10 டபிள்யூ-60 ஐ ஊற்றி, காலையில் கேற்றைத் தாண்டியதும் மிதிக்கிற தம்பிமாருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொரு பக்கம் நிசான் ஜி.டி.ஆர், ஆர் 35. 2007 இல் வந்தது, இரண்டு டர்போ, எம் 3 ஐ விட எவ்வளவோ பலம். தொழிற்சாலையில் ஊற்றியது 0 டபிள்யூ-40. பலம் கூடியதற்கு மெல்லிய ஒயில், குறைந்ததற்குத் தடித்த ஒயில்! பெயாரிங்கின் இடைவெளி, ஒயில் பம்பின் அளவு, கூலர், உச்ச சுற்று இவையெல்லாம் வேறு வேறு. ஒயில் என்பது என்ஜினுக்குப் பிறகு தெரிவு செய்யும் பொருளல்ல, என்ஜினோடு சேர்த்து வரைந்த ஒரு உதிரிப்பாகம். கொர்வெட் கம்பனி கூட வீதிக்கு 5 டபிள்யூ-30 என்றும், பந்தயத் திடலுக்குக் கொண்டுபோனால் 15 டபிள்யூ-50 என்றும் கைநூலில் போட்ட காலம் இருந்தது. பிறகு 2019 இல் இரண்டுக்கும் ஒரே 0 டபிள்யூ-40 என்று மாற்றியது.

டர்போ வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதைத் தாங்குவதும் என்ஜின் ஒயில்தான். ஓடி வந்த வேகத்தில் சாவியைத் திருப்பினால் ஒயில் ஓட்டம் நிற்கும், சூடு நிற்காது. உள்ளே தேங்கிய ஒயில் கரியாகும். டர்போ டைமர் என்ற பெட்டி அதற்காக வந்தது. வீட்டை நெருங்கும் கடைசி ஓரிரு கிலோமீற்றரை மெதுவாக ஓட்டினால் பெட்டியே தேவையில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கதை. ஒயிலில் சேர்க்கும் நாகமும் பொஸ்பரசும் கொண்ட ஒரு சேர்மத்துக்கு 1941 இல் காப்புரிமை பெறப்பட்டது. முதலில் பெயாரிங் அரிக்காமல் இருக்கச் சேர்த்தார்கள், கேம் தேய்வதையும் அது தடுப்பது பிறகு தெரிந்தது. ஆனால் பொஸ்பரஸ் புகைக்குழாயிலுள்ள கட்டலிற்றிக் கன்வேர்ட்டரைப் பழுதாக்கும். 2004 இன் ஏ.பி.ஐ எஸ்.எம் தரத்தில் மெல்லிய ஒயில்களுக்கு அதை 0.08 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தினார்கள். புதிய கார்களின் கேமில் உருளை இருக்கிறது, தாங்கும். 1960 களின் தட்டையான டெப்பட் கொண்ட என்ஜின்கள் தாங்கவில்லை. புதிய தரம் எல்லாவற்றுக்கும் மேலான தரம் என்று நினைத்து ஊற்றியவர்களின் கேம் தேய்ந்தது.

சரி, பஞ்சிகாவத்தையில் கடைக்கு முன்னால் நிற்கிறோம். போத்தலின் முகப்பைப் பார்க்க வேண்டாம், திருப்புங்கள். உங்கள் காரின் கைநூலில் உள்ள எண்ணும், கார்க் கம்பனியின் அங்கீகாரக் குறியீடும் அங்கே இருக்கிறதா? போர்ஷே ஏ 40, பி.எம்.டபிள்யூ லோங்லைஃப்-01 என்பவை அப்படியான குறியீடுகள். ஏ 40 ஐப் பெற, நியூர்பர்கிரிங் ஓட்டத்தைப் போன்ற நீண்ட சோதனையில் ஒயில் தேற வேண்டும். "அங்கீகாரம் பெற்றது" என்பதும் "இந்தக் கார்களுக்குப் பரிந்துரைக்கிறோம்" என்பதும் ஒன்றல்ல. முதலாவது கார்க் கம்பனியின் வாக்கு, இரண்டாவது ஒயில் விற்பவரின் வாக்கு. ஜப்பானிலிருந்து வந்த காரென்றால் கைநூல் ஜப்பானிய மொழியில் இருக்கும், எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதான். நுவரெலியா மகாகஸ்தொட்டவில் ஏறப் போகிறவர், திடலில் விரட்டப் போகிறவர் ஒரு படி தடிப்பாகப் போடுவதில் நியாயம் உண்டு, கைநூல் இடம் கொடுத்தால். போட்டி முடிந்ததும் அதை மாற்றிவிட வேண்டும்.

மூடியின் சீலையும் பாருங்கள். வெறும் போத்தலைக் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள், அடியில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். அதில் மறுபடி எதையாவது நிரப்பி உங்கள் நண்பருக்கே விற்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

கஸ்ட்ரோல் ஆர் 40 இன்றும் விற்பனைக்கு உண்டு. பழைய பந்தய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஆங்கிலேயக் கிழவர்கள் சிலர் அதில் ஒரு சிறு அளவைப் பெற்றோல் தாங்கிக்குள் ஊற்றிக்கொள்வார்களாம். என்ஜினுக்காக அல்ல, அந்த வாசனைக்காக.